பன்னிரண்டு ஆசனங்களும் பூஜ்யமும்

லண்டன் மாநகரின் கிழக்கு ஓரத்தில், தேம்ஸ் நதியின் வடகரையில், 1965இல் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டுத் தலைநகரோடு இணைக்கப்பட்ட பார்க்கிங்–டாகனம் என்னும் வட்டாரத்தின் நகரசபைக்கு 2006 மே 4ஆம் தேதி நடந்த தேர்தலில், வெள்ளையரல்லாத எவரையும் அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளாத பிரிட்டிஷ் தேசியக் கட்சி, பதின்மூன்றே அபேட்சகர்களை நிறுத்தி அவர்களில் 12 பேரை வெற்றிபெறச் செய்தது. ஐம்பத்தொரு ஆசனங்கள் கொண்ட அச்சபையில் தொழிற்கட்சிக்கு 38, கன்சர்வேடிவ் கட்சிக்கு 1 என்று மீதி பிரிந்து நிற்க, இனத்துவேஷத்தை வெளிப்படையாகவே மூலதனமாகக் கொண்ட ஒரு கட்சி பிரதான எதிர்க்கட்சி என்ற ஸ்தானத்தில் வந்து அமர்ந்தது. நான்கு ஆண்டுகள் சென்று, 2010 மே 6 அன்று, அதே சபைக்கு மறுபடியும் தேர்தல் நடந்தபோது அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஐம்பத்தொன்றையும் தொழிற்கட்சியே அள்ளிக்கொண்டது.

முதல் முடிவு வந்தபோது, இங்கிலாந்தின் உழைக்கும் வர்க்கம் துவேஷத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதென்று பத்திரிகைகள் அங்கலாய்த்தன; இரண்டாவது முடிவு வந்தபோது, அதே மக்கள் துவேஷத்தை வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டார்களென்று மெய்சிலிர்த்தன. நாலே வருஷத்தில் ஓர் ஊரின் மனம் இப்படித் தலைகீழாகப் புரளுமா என்று நிதானித்துக் கேட்டவர்கள் சொற்பம். அவ்வாறு புரளவில்லை என்பதே என் அபிப்பிராயம். மாறியவை, வாக்குச்சாவடிக்கு வந்தவர்களின் தொகையும், வாக்குகளை ஆசனங்களாக மாற்றும் கணக்கின் விளைவும், ஓரளவுக்கு அங்கே குடியிருந்தவர்களுமே அன்றி, 2006இல் அக்கட்சிக்கு வாக்களித்தவர்களின் மனஸ்தாபம் அல்ல. அந்த மனஸ்தாபத்தின் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர் ஆசனங்களின் எண்ணிக்கையைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அவ்வூரின் வீடுகளைப் பற்றிப் படிக்க வேண்டும்.

அந்த வட்டாரத்தின் பெரும்பகுதி பெக்கன்ட்ரீ என்ற குடியிருப்பு. முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்கு உகந்த வீடுகள் கட்டித் தருவோம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் வாக்களித்து, 1919ஆம் வருஷத்து வீட்டுவசதிச் சட்டத்தினால் அந்தப் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களிடம் ஒப்படைத்தபோது, லண்டன் கவுண்டி கவுன்சில், தன் எல்லைக்கு வெளியே, காய்கறித் தோட்டங்களும் கிராமத்துப் பாதைகளுமாகக் கிடந்த எஸ்ஸெக்ஸ் நிலத்தை வாங்கி, 1921க்கும் 1935க்கும் இடையில் சுமார் 26,000 வீடுகளை எழுப்பியது. பொதுப்பணத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளில் உலகத்திலேயே பெரியது என்று நெடுங்காலம் பேர்பெற்றது இதுவே. 1921இல் சுமார் 9,000 பேர் வாழ்ந்த டாகனத்தில் 1931ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கு சுமார் 89,000 பேரைக் கண்டது. கிழக்கு லண்டனின் இருண்ட சந்துகளில், ஒரு குழாயையும் ஒரு கழிப்பறையையும் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு, தனித்தனி வாசலும், வீட்டுக்குள்ளேயே குளியல் தொட்டியும், முன்னும் பின்னும் தோட்டமும் கிடைத்தன. தெருவினின்று ஒரு சிறு கிளை பிரிந்து போய் வட்டமாக முடியும் இடத்தைச் சுற்றி வீடுகள் நிற்கும் அமைப்புக்கு, அதன் வடிவத்தைக் கண்டு, ‘பான்ஜோ’ என்று ஓர் இசைக் கருவியின் பெயரையே அவ்வூர் மக்கள் வைத்துக்கொண்டார்கள். வேலிச் செடியை வெட்டி ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதலான விதிகளைக் கவுன்சில் குடித்தனக்காரர்களிடம் வற்புறுத்தியது. நல்ல தோட்டத்துக்குப் பரிசும் தந்தது.

இங்கே ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். இவ்வீடுகள் பரம ஏழைகளுக்கு என்று கட்டப்பட்டவை அல்ல; வாரந்தோறும் வாடகையைத் தவறாமல் செலுத்தக்கூடிய, நிலையான வேலையுள்ள குடும்பங்களையே கவுன்சில் தேடி எடுத்து அங்கே குடியேற்றியது. ஆகவே பெக்கன்ட்ரீயில் வீடு கிடைத்தது என்பது தர்மத்தால் கிடைத்த உபகாரம் என்றல்ல, ஒழுங்காக உழைத்து வாழ்ந்ததற்குக் கிடைத்த அங்கீகாரம் என்றே அம்மக்களால் கருதப்பட்டது. 1931இல் தேம்ஸ் கரையின் சதுப்பு நிலத்தில், தனக்கென்று ஒரு துறைமுகத் தளமும், இரும்புருக்கும் உலையும், மின்சார நிலையமும் கொண்டதாக ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலை திறக்கப்பட்ட பிறகு, வீடும் வேலையும் ஒரே இடத்தில் பொருந்திய ஒரு சமூகம் அங்கே உருவாயிற்று. அத்தொழிற்சாலையின் உச்ச காலத்தில் சுமார் 40,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1968இல் கார் இருக்கைகளின் உறைகளைத் தைக்கும் பெண்கள், தங்கள் வேலையைத் திறமை குறைந்த வேலை என்று தரம் தாழ்த்தியதை எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தம், 1970ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்துக்கே காரணங்களில் ஒன்றாயிற்று. தந்தை வேலை பார்த்த இடத்தில் மகன் வேலை பார்ப்பதும், தாய் வாழ்ந்த தெருவுக்கு அடுத்த தெருவில் மகள் குடித்தனம் வைப்பதும் வழக்கமாக இருந்தன. சமூகவியலாளர் பீட்டர் வில்மட் 1963இல் டாகனத்தைப் பற்றி எழுதிய நூல், குடியேறி நாற்பது ஆண்டுகளான இந்தச் சமூகம், விட்டு வந்த கிழக்கு லண்டனின் உறவுமுறைகளைப் புதிய இடத்தில் எவ்வளவு தூரம் மீண்டும் கட்டிக்கொண்டது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

இந்த ஏற்பாடு குலைந்ததற்கு ஒரே ஒரு சட்டத்தையோ ஒரே ஒரு கட்சியையோ குற்றம் சாட்டுவது எளிது, ஆனால் நியாயமாகாது. 1977ஆம் வருஷத்தில் தொழிற்கட்சி ஆட்சிக்காலத்தில் நிறைவேறிய வீடற்றோர் சட்டம், வீடின்றித் தவிக்கும் குழந்தையுள்ள குடும்பங்களுக்கும் அத்தகைய பிறருக்கும் தங்குமிடம் தரவேண்டிய கடமையை நகரசபைகள் மீது சுமத்தியது. மனிதாபிமானத்தினால் பிறந்த அந்தச் சட்டத்தை யாரும் குறை கூற முடியாது. எனினும், எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார், ஊரில் யாருக்கு மகன் அல்லது மகள் என்பவற்றைப் பார்த்து வீடு கொடுத்த பழைய முறை பின்தள்ளப்பட்டு, யாருடைய தேவை மிகக் கடியது என்று பார்த்துக் கொடுக்கும் முறை அதனால் முன்னே வந்தது. 1980இல் மார்கரெட் தாட்சரின் சர்க்கார் கொண்டுவந்த சட்டம், நகரசபை வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதைச் சந்தை மதிப்பில் பாதிவரைகூடத் தள்ளுபடி பெற்றுச் சொந்தமாக வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள், பெக்கன்ட்ரீயில் பலர் வாங்கினார்கள். ஆனால் விற்ற பணத்தைக்கொண்டு புது வீடுகள் கட்டுவதற்கு நகரசபைகளுக்கு மத்திய சர்க்கார் பலவிதத் தடைகளை விதித்ததால், கொடுக்கத்தக்க வீடுகளின் தொகை வருஷந்தோறும் தேய்ந்துகொண்டே போயிற்று. இவ்விரண்டு சட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்த இடத்தில்தான் விபரீதம் தோன்றியது. பங்கிடும் முறை கடுமையாகிக்கொண்டிருந்த வேளையில் பங்கிடும் பொருளே குறைந்தது.

இவற்றோடு மூன்றாவதாக வேறொன்றும் சேர்ந்தது. 2002 பிப்ரவரியில் ஃபோர்டு நிறுவனம் டாகனத்தில் கார்களைப் பூட்டும் வேலையை நிறுத்தியது. என்ஜின் தயாரிப்பு முதலானவையே மிஞ்சின. அதே சமயத்தில், லண்டன் முழுவதிலும் வீட்டு விலை மிகக் குறைவாக இருந்த வட்டாரங்களுள் இது ஒன்றாகையால், நகரசபையிடமிருந்து வாங்கப்பட்டுப் பிறகு கைமாறிய வீடுகள், முதலீட்டாளர்கள் கைக்குப் போய் வாடகைக்கு விடப்பட்டன. மற்ற வட்டாரங்களில் வாழ வசதியற்ற குடும்பங்கள் அங்கே வந்து சேர்ந்தன. அவர்களில் ஆப்பிரிக்கர் பலர். தெற்காசியரும் கிழக்கு ஐரோப்பியரும் உண்டு. 2001ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் வெள்ளை பிரிட்டிஷ் இனத்தவர் என்று தம்மைக் குறித்துக்கொண்டவர்கள் 80.9 சதவிகிதம், 2011இல் 49.5, 2021இல் 30.9. பத்தே வருஷத்தில் இவ்வளவு வேகமாக முகம் மாறிய வட்டாரம் இங்கிலாந்தில் மிகச் சிலவே. அண்டை வீட்டாரின் வரவை யார் எப்படி ஏற்றாலும், தன் மகளுக்கு வீடு கிடைக்கவில்லை, புதிதாக வந்தவர் ஒரு வீட்டில் இருக்கிறார் என்ற இரண்டு காட்சிகள் ஒரே தெருவில் ஒருங்கே தென்பட்டால், அவற்றைக் காரண காரியமாக இணைத்துப் பார்க்கும் மனத்தின் இயல்பை வெறும் புள்ளிவிவரத்தால் தடுத்துவிட முடியாது. அந்தப் புது வீட்டுக்காரர் நகரசபையிடமிருந்து வீடு பெறவில்லை, முன்னாள் நகரசபை வீடொன்றைத் தனியார் ஒருவரிடமிருந்து அதிக வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்ற உண்மை, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிரிட்டிஷ் தேசியக் கட்சி செய்தது, இந்தப் பார்வைக்கு ஒரு கதையைத் தந்ததுதான். 1982இல் ஜான் டின்டால் தோற்றுவித்த அக்கட்சி, 1999இல் நிக் கிரிஃபின் தலைமைக்கு வந்தபின், மொட்டைத் தலையும் முரட்டுப் பூட்ஸுமாக ஊர்வலம் போகும் முறையைக் கைவிட்டு, வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கும் முறையைப் பழகிக்கொண்டது. ஆப்பிரிக்கர்கள் எஸ்ஸெக்ஸ் பக்கம் குடியேறுவதற்காக அவர்களுக்கு 50,000 பவுன் வரையில் நகரசபைகள் அன்பளிப்பாகத் தருகின்றன என்று அது பரப்பிய பிரசுரம் பிரசித்தமானது. அதில் உண்மை ஒரு மணியளவுதான் உண்டு. நகரசபை வீட்டை விட்டு வெளியேறிச் சொந்த வீடு வாங்க முன்வரும் வாடகைதாரருக்கு, இனம் பார்க்காமல், ஓர் ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டம் லண்டன் நகரசபைகள் சிலவற்றில் இருந்தது. காலியாகும் வீட்டை வீடற்றவருக்குக் கொடுக்கலாம் என்பதே அதன் நோக்கம். அந்த ஒரு மணியைச் சுற்றிப் பொய்யைப் பூசினால், அதை மறுப்பது கடினமாகிவிடுகிறது. ஏனெனில் ‘அப்படியொரு திட்டமே இல்லை’ என்று அதிகாரிகளால் சொல்ல முடிவதில்லை, ‘இருக்கிறது, ஆனால்...’ என்றே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ‘ஆனால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதைக் கேட்கப் பொறுமை உள்ளவர்கள் வாக்காளரில் அதிகம் பேர் இல்லை.

தொழிற்கட்சியின் பங்கும் இதில் சிறிதன்று. பல தலைமுறைகளாகச் சபையைத் தன் கையில் வைத்திருந்த கட்சி, வென்றே தீர்வோம் என்ற நிச்சயத்தினால், வாக்காளரின் வாசலுக்குப் போகும் வழக்கத்தையே கைவிட்டிருந்தது. பார்க்கிங் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினரும் அப்போது மந்திரியுமாக இருந்த மார்கரெட் ஹாட்ஜ், 2006 ஏப்ரலில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில், தம் தொகுதியில் வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்களில் பத்தில் எட்டு இக்கட்சிக்கு வாக்களிக்கும் சபலத்தில் இருக்கின்றன என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். எச்சரிக்கையாகச் சொன்னாரென்று அவரை ஆதரித்தவர்களும், எதிரிக்கு இலவச விளம்பரம் தந்துவிட்டாரென்று அவர் கட்சியிலேயே சினந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அவர், வீடு ஒதுக்கும்போது தேவையோடு எவ்வளவு காலமாக ஒருவர் இங்கே வாழ்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதியபோது, அவர்மேல் எழுந்த கண்டனம் இன்னும் பலமாக இருந்தது. டாகனத்தின் அங்கத்தினர் ஜான் கிரடஸ் வேறு கோணத்திலிருந்து பேசினார். மத்திய சர்க்கார் நகரசபைக்குத் தரும் பணம் பழைய ஜனத்தொகைக் கணக்கை நம்பிக் கணக்கிடப்படுகிறது. நேற்று வந்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆகவே பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் வீடும் நெருக்கடிக்கு உள்ளாவது இயல்பே என்பது அவர் வாதம். என் அளவில், இவ்விருவரில் கிரடஸின் நோயறிதலே சரியானது. ஹாட்ஜ் நோயின் வலியைச் சரியாகக் கேட்டார், ஆனால் மருந்தை நோயாளியின் வாயிலிருந்தே கேட்டு எழுதினார்.

இனி முடிவின் கணக்குக்கு வருவோம். 2006இல் அவ்வட்டாரம் 17 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் மூன்று கவுன்சிலர்கள். வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள். அதிக வாக்குப் பெறும் மூவர் தேர்வு பெறுவார்கள். இம்முறையின் விபரீதத்தை ஒரு கற்பனை உதாரணத்தால் தெளிவாக்கலாம். ஒரு வார்டில் 800 பேர் வந்து, அவர்களில் 320 பேர் ஒரு கட்சிக்கும், 280 பேர் இன்னொன்றுக்கும், 200 பேர் பிறவற்றுக்கும் தங்கள் மூன்று வாக்குகளையும் அளித்தால், பாதிக்கும் குறைவான முதற் கட்சிக்கு மூன்று ஆசனங்களும் போய்விடும். அடுத்த முறை 1,300 பேர் வந்து, முதற் கட்சியின் தொகை 400 ஆக உயர்ந்து, இரண்டாவதன் தொகை 650 ஆனால், முன்னதற்கு வாக்கு கூடியும் ஆசனம் ஒன்றும் இல்லை. ஒருவர் மனமும் மாறாமலே, முன்பு வீட்டில் இருந்தவர்கள் வெளியே வந்ததனால் மட்டும், மூன்று பூஜ்யமாகும்.

2006இல் லண்டன் முழுவதிலும் நகரசபைத் தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 38 சதவிகிதமே. அதிருப்தியுற்றவர்கள் வந்தார்கள், திருப்தியும் அலட்சியமும் உள்ளவர்கள் வரவில்லை. பிரிட்டிஷ் தேசியக் கட்சி 51 ஆசனங்களுக்கு 13 பேரையே நிறுத்தியதால், அதன் உண்மையான பலம் எவ்வளவு என்பதைக்கூட அந்த முடிவு காட்டவில்லை. பதின்மூன்றில் பன்னிரண்டு வென்ற கட்சி, இன்னும் பத்துப் பேரை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தொழிற்கட்சிக்காரர்களே பயத்தோடு கேட்டுக்கொண்டார்கள்.

வெற்றிபெற்ற பன்னிருவர் நான்கு வருஷங்களில் சாதித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐம்பத்தொருவர் சபையில் பன்னிருவரின் தீர்மானம் எதுவும் நிறைவேறாது என்பது ஒருபுறமிருக்க, குப்பை அள்ளுதல், தெரு விளக்கு, கட்டட அனுமதி, முதியோர் பராமரிப்பு என்ற சபையின் அன்றாட வேலைகளைக் குறித்து அவர்களிடம் சொல்லத்தக்க திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. அவர்களின் தலைவர் ரிச்சர்ட் பார்ன்புரூக் 2008இல் லண்டன் அசெம்பிளிக்கும் தேர்வு பெற்றார். ஆனால் வட்டாரத்தில் நடக்காத கொலைகளை நடந்ததாக வீடியோப் படத்தில் சொல்லிய குற்றத்துக்காக 2009இல் ஒரு மாத காலம் கவுன்சிலர் பதவியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டார். அதே ஆண்டில் கிரிஃபின் ஐரோப்பியப் பார்லிமெண்டுக்குத் தேர்வானார். கட்சியின் நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது என்றே எல்லாரும் நம்பினார்கள். 2010 தேர்தலில் பார்க்கிங் தொகுதியில் பார்லிமெண்டுக்குக் கிரிஃபினே நேரில் நின்றார். நகரசபையின் ஆட்சியையும் கைப்பற்றுவோம் என்று அக்கட்சி பேசியது.

அந்த வருஷம் நகரசபைத் தேர்தலும் பார்லிமெண்டுத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. அதனால் லண்டனில் நகரசபைக்கு வாக்களித்தவர்களின் விகிதம் சுமார் 62 ஆக உயர்ந்தது. இந்த ஒரு தற்செயலான உண்மை, அன்றைய முடிவில் வேறெந்தப் பிரசாரத்தையும்விட அதிகமாக வேலை செய்தது என்று நான் நினைக்கிறேன். எனினும் பிரசாரத்தைக் குறைத்து மதிப்பிடுவதும் சரியன்று. ஹாட்ஜ் பெரிய பொதுக்கூட்டங்களை விட்டுவிட்டுத் தெருத்தெருவாகச் சிறு கூட்டங்களும் தேநீர் அழைப்புகளும் நடத்தி, குடியேற்றத்தைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் உடைந்த நடைபாதையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் மக்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, பிறகு என்ன செய்தோம் என்று கடிதம் எழுதினார். ‘ஹோப் நாட் ஹேட்’ என்ற இனத்துவேஷ எதிர்ப்பு இயக்கத்தின் சார்பில் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் வெளியூர்களிலிருந்து வந்து, வாக்களிக்காமல் இருந்துவிடும் பழக்கமுள்ளவர்களை, குறிப்பாகப் பெண்களையும் புதிதாகக் குடியேறியவர்களையும், தேடிப் போய்ப் பேசினார்கள். வாக்குப்பதிவுக்கு முந்திய நாள், பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் கவுன்சிலர் ஒருவர் ஆசிய இளைஞர்களோடு தெருவில் கைகலந்த காட்சி காமிராவில் பதிவாகி நாடெங்கும் ஒளிபரப்பாயிற்று.

புதிதாகக் குடியேறியவர்கள் வாக்களிப்பதைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படும். பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுப் பிரஜைகள், பிரிட்டிஷ் பிரஜாவுரிமை பெறாமலே எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். நைஜீரியரும் கானாவினரும் அவ்வண்ணமே, இந்தியரும் இலங்கையரும் அவ்வண்ணமே. கிழக்கு லண்டனில் குடியேறிய தமிழர் பலர் இந்த உரிமையினால்தான் வந்த சில காலத்திலேயே வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றார்கள். ஐரோப்பிய யூனியனின் பெரும்பாலான நாடுகளின் பிரஜைகளுக்கோ அக்காலத்தில் நகரசபைத் தேர்தலில் வாக்குண்டு, பார்லிமெண்டுத் தேர்தலில் இல்லை. பேரரசின் பழைய சட்டம் ஒன்று எஞ்சி நின்று, பேரரசை நினைத்து ஏங்கும் கட்சியின் தோல்விக்கு உதவியது சரித்திரத்தின் கேலிகளில் ஒன்று.

பார்லிமெண்டுப் போட்டியில் ஹாட்ஜ் 24,628 வாக்குப் பெற்று 16,555 வித்தியாசத்தில் வென்றார். கிரிஃபின் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். ஆனால் அவர் பெற்ற வாக்குகள் 6,620. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே பெயருடைய தொகுதியில் அவர் கட்சி பெற்றது 4,916. தொகுதியின் எல்லை இடையில் திருத்தப்பட்டதால் இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும், விகிதம் 16.9லிருந்து 14.6க்கு இறங்கியதை மட்டும் கண்டு, அக்கட்சியின் ஆதரவாளர்கள் மனம் மாறிச் சிதறிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு ஆதாரம் இல்லை என்பது தெளிவு.

இது பார்க்கிங்கில் மட்டும் நேர்ந்த விநோதமன்று. 1993 செப்டம்பரில், தேம்ஸ் நதி வளைந்து செல்லும் இடத்தில் டவர் ஹாம்லெட்ஸ் நகரசபைக்குட்பட்ட மில்வால் வார்டில் நடந்த இடைத்தேர்தலில், டெரிக் பீக்கன் என்பவர் ஏழே வாக்கு வித்தியாசத்தில் அக்கட்சியின் முதல் கவுன்சிலர் ஆனார். அங்கேயும் விஷயம் வீடுதான். பழைய கப்பல்துறைகள் மூடிக் கிடக்க, அவற்றின்மேல் கானரி வார்ஃபின் வானளாவிய மாளிகைகள் எழுந்துகொண்டிருக்க, உள்ளூர்க் குடும்பங்களுக்கும் வங்காளிக் குடும்பங்களுக்கும் இடையே சில வீடுகளுக்காகப் போட்டி மூண்டிருந்தது. எட்டு மாதங்கள் கழித்து 1994 மே மாதத்தில் நடந்த நகரசபைத் தேர்தலில் பீக்கன் தோற்றார். நாடே பெருமூச்சு விட்டது. ஆனால் தோற்ற தேர்தலில் அவர் பெற்ற வாக்குகள் வென்ற தேர்தலில் பெற்றவற்றைக் காட்டிலும் அதிகம். எதிர்த்தவர்கள் திரண்டு வந்தார்கள், ஆதரித்தவர்களோ குறையவில்லை.

இந்த வாதத்துக்கு ஓர் ஆட்சேபம் கூறலாம். ஆசனத்தை இழந்தபின் அக்கட்சியே அழிந்துபோயிற்றே, 2014இல் கிரிஃபினையே அது வெளியேற்றிற்றே, அப்படியானால் ஆதரவு கரைந்தது என்றுதானே பொருள் என்று கேட்கலாம். கட்சி கரைந்தது உண்மை. ஆதரவு எங்கே போயிற்று என்று தேடினால், 2014 நகரசபைத் தேர்தலில் ஐக்கிய ராஜ்ய சுதந்திரக் கட்சி ஓர் ஆசனமும் பெறாமல் இரண்டாம் இடத்துக்கு வந்ததையும், 2015 பார்லிமெண்டுத் தேர்தலில் அதே கட்சி பார்க்கிங்கில் 22 சதவிகிதமும் டாகனம்–ரெய்ன்ஹம் தொகுதியில் ஏறத்தாழ 30 சதவிகிதமும் வாங்கியதையும் காண்கிறோம். இனத்துவேஷக் கட்சிக்கு வாக்களிக்கக் கூசிய பலரும் இதற்குக் கூசாமல் வாக்களித்திருப்பார்கள்; இரண்டையும் ஒன்றென்று சொல்வது அநீதி. ஆனால் மனஸ்தாபம் தீர்ந்துவிடவில்லை என்பதை மறுக்க முடியாது. 2016இல் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்ற கேள்விக்கு, லண்டன் மொத்தமும் ஏறத்தாழ 60 சதவிகிதம் வேண்டாம் என்று சொன்னபோது, விலகுவோம் என்று சொன்ன ஐந்தே வட்டாரங்களில் பார்க்கிங்–டாகனம் ஒன்று. அங்கே விலகலுக்குக் கிடைத்தது 62.4 சதவிகிதம். ஆறு ஆண்டுகளுக்கு முன் 51 ஆசனங்களையும் ஒரே கட்சிக்குக் கொடுத்த ஊர், அக்கட்சியின் வேண்டுகோளுக்கு நேர்மாறாக இவ்வாறு வாக்களித்தது. வாக்குச்சீட்டில் வார்டும் அபேட்சகரும் இல்லாதபோது, ஒவ்வொரு வாக்கும் ஒரு வாக்காகவே எண்ணப்பட்டது.

ஐம்பத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று என்ற வெற்றியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். துவேஷக் கட்சியின் தோல்வியைக் கொண்டாடிய ஆரவாரத்தில், எதிர்க்கட்சி என்பதே இல்லாத சபை ஒன்று பிறந்துவிட்டதைப் பற்றி அப்போது பெரும்பாலோர் கவலைப்படவில்லை. சபையின் நிர்வாகத்தைக் கேள்வி கேட்பதற்கென்று சட்டம் ஏற்படுத்தியிருக்கும் ஆய்வுக் குழுக்களில், கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே கட்சிக்காரர்களாக இருந்தார்கள். 2006இன் முடிவு பன்னிரண்டு பேரை அவர்களுக்குரிய மக்கள் பலத்துக்கு மீறி உயர்த்திற்று என்றால், 2010இன் முடிவு கணிசமான சிறுபான்மை ஒன்றைச் சபையிலிருந்து அடியோடு துடைத்தது. அந்தச் சிறுபான்மையில் கன்சர்வேடிவ் கட்சிக்கும் பிறருக்கும் வாக்களித்த சாதாரண மனிதரும் அடங்குவர். ஸ்காட்லாந்தில் 2007 முதல் நகரசபைகளுக்கு விகிதாசாரத்துக்கு நெருங்கிய, விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறை நடைமுறையில் இருக்கிறது. இங்கிலாந்தில் அதைக் கொண்டுவர இரு பெரிய கட்சிகளும் முனையவில்லை. அதற்கு அவை சொல்லும் காரணங்களில் ஒன்று, துவேஷக் கட்சிகளுக்கு அம்முறை கதவைத் திறந்துவிடும் என்பது. பெரும்பான்மை முறையிலேயே பன்னிரண்டு பேர் உள்ளே வந்தார்கள் என்பதை அவ்விரு பெரிய கட்சிகளும் நினைவுகூர்வதில்லை.

இதற்கிடையில் பார்க்கிங்–டாகனம் நகரசபை வீடு கட்டும் தொழிலுக்குத் திரும்பிற்று. 2012இல் வாடகை வீடுகளுக்கென்று ‘ரிசைடு’ என்ற நிறுவனத்தையும், 2017இல் கட்டுமானப் பணிகளுக்கென்று ‘பி ஃபர்ஸ்ட்’ என்ற நிறுவனத்தையும் அது ஏற்படுத்தியது. பெக்கன்ட்ரீயின் பழைய வீடுகளோ பெரும்பாலும் தனியார் கையில் இருக்கின்றன. தேர்தல்கள் 2014இலும் 2018இலும் நடந்தன. இரண்டு முறையும் தொழிற்கட்சிக்கு 51. 2022இல் வார்டுகளின் எல்லைகளைத் திருத்தி, அவற்றின் தொகையை 19 ஆக்கி, சிலவற்றுக்கு மூவர், சிலவற்றுக்கு இருவர் என்று வகுத்தார்கள். அந்தத் தேர்தலிலும் தொழிற்கட்சிக்கு 51.